கண்ணாடி இழை பிளாஸ்டிக்: இணைப்பான் சேர்த்ததா, சேர்க்காததா?

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பம்புக்குக் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பாகம் வாங்குகிறவர்கள், இழை எத்தனை சதவீதம் என்றுதான் கேட்கிறார்கள். இழையையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கும் பொருளான இணைப்பான் சேர்த்ததா என்றும் கேளுங்கள்.

சேர்க்காதது விலை குறைவு. விறைப்பிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அது பெரும்பாலும் இழையின் அளவைப் பொறுத்தது. பலத்தில்தான் அடிவாங்கும். உடைந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், இழைகள் மொட்டையாக, வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்திருக்கும்.

இணைப்பானாக, மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பாலிப்ரொப்பிலீனைச் சில சதவீதம் சேர்த்தால், அது இழையின் மேல்பூச்சோடு வேதிப்பிணைப்பு போடும். இழுவிசை பலம் நன்றாகக் கூடும். உடைந்தாலும் இழைமேல் பிளாஸ்டிக் ஒட்டியே இருக்கும். மழையும் மூடுபனியும் விடாத நீலகிரிக்கு இன்னொரு லாபம்: இழையோரமாக ஈரம் ஏறுவது குறைகிறது. அளவு மீறிச் சேர்த்தால் மட்டும் பலம் திரும்ப இறங்கலாம். சரி, வெறும் மூடிக்குச் சேர்க்காததே போதும். பாரம் தாங்கும் பாகத்துக்கு இணைப்பான் சேர்த்ததைத்தான் வாங்கச் சொல்வேன்.