ஆர்1, ஏ1 மார்க் 2, இசட்9, ஏ9 மார்க் 3: மெகாபிக்சல் சண்டையில் காணாமல் போகும் கணக்கு

2024 ஜூலையில் கேனான் ஆர்1 அறிவிக்கப்பட்டதும் புகைப்படக்காரர்கள் முதலில் கேட்டது, இத்தனை வருடக் காத்திருப்புக்கு வெறும் 24 மெகாபிக்சல்தானா என்று. அதே ஆண்டு நவம்பரில் சோனி ஏ1 மார்க் 2 அறிவிக்கப்பட்டது. அதில் 50 மெகாபிக்சல் இருந்தும், 2021-இன் முதல் ஏ1-இல் இருந்த அதே சென்சார் என்பதால் புதிதாக ஒன்றுமில்லை என்ற முணுமுணுப்பு. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நிக்கான் இசட்9-ஐ வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேரிலேயே (கேமராவின் உள்மென்பொருள் புதுப்பிப்பிலேயே) பாதிப் புதுக் கேமரா வந்து சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3, உலகின் முதல் முழு ஃப்ரேம் குளோபல் ஷட்டர் (சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும்) கேமரா என்பதால், வியப்பையும் சந்தேகத்தையும் ஒன்றாகச் சம்பாதித்தது.

மெகாபிக்சல் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் களத்தில் படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் வேறு இரண்டு எண்கள். ஒன்று, சென்சாரின் எல்லா வரிகளையும் படித்து முடிக்க ஆகும் நேரம். இன்னொன்று, எடுத்த படங்களைக் கார்டுக்குத் தள்ளும் வேகம். விளம்பரத்தில் முதலாவது அநேகமாக வருவதே இல்லை.

மெகாபிக்சலை முதலில் முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலே 20 அங்குல அகல அச்சு கிடைக்கும். செய்தித்தாளுக்கும் திரைக்கும் அதில் பாதி போதும். வெட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். 1.5 மடங்கு வெட்டினால் ஆர்1-இலும் ஏ9 மார்க் 3-இலும் 10, 11 மெகாபிக்சல்தான் மிஞ்சும். இசட்9-இல் 20, ஏ1 மார்க் 2-இல் 22 மிஞ்சும். லென்ஸ் எட்டாத தூரத்துப் பறவையை எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். மைதானக் கோட்டருகே 400 மிமீ லென்ஸோடு உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. அதிக மெகாபிக்சல் என்றால் இரவில் இரைச்சல் கூடும் என்பதும் அரைகுறை உண்மை. இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால், ஒரே தலைமுறை சென்சார்களில் வேறுபாடு பெரிதாக இராது. ஆர்1 கேமராவுக்குள்ளேயே படத்தை 96 மெகாபிக்சலாகப் பெருக்கித் தருகிறது, ஆனால் கிடைப்பது சென்சாரின் மூலத் தரவான ரா கோப்பு அல்ல. ரா கோப்பில் வேலை செய்பவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

படிக்கும் நேரம்

எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. 1/8000 வினாடி வைத்தாலும், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே இந்தப் படிக்கும் நேரம் நின்றே தீரும். ஸ்டாக்டு (வேகமாகப் படிக்க நினைவகம் அடியில் அடுக்கிய) வகை அல்லாத 61 மெகாபிக்சல் சென்சாருக்கு இது சுமார் 100 மில்லிவினாடி. இசட்9-க்கும் ஏ1 மார்க் 2-க்கும் நான்குக்குச் சற்றுக் குறைவு, ஆர்1-க்கு மூன்றுக்கும் குறைவு. ஏ9 மார்க் 3-இல் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிவதால் பூஜ்யம்.

வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுழலும் மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 3.7 மில்லிவினாடியில் அது 11 செமீ நகர்ந்துவிடும். மட்டை ஃப்ரேம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், மேல்நுனிக்கும் கீழ்நுனிக்கும் இடையே ஏறக்குறைய 3.7 செமீ சாய்வு விழும். அநேகர் கண்ணில் படாது. மூன்று மில்லிவினாடியில் அது 3 செமீ. ஆகவே ஆர்1, இசட்9, ஏ1 மார்க் 2 மூன்றும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம்தான். மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகளே சென்சாரைக் கடக்கக் கிட்டத்தட்ட இவ்வளவு நேரம் எடுக்கும். நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரையே துணிந்து நீக்கியது அதனால்தான். கோல்ஃப் மட்டை, ஹெலிகாப்டர் இறக்கை போன்ற இடங்களில் மட்டும் குளோபல் ஷட்டருக்கு மாற்று இல்லை.

ஃப்ளாஷில் கதை கொஞ்சம் கடுமையாகிறது. எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளியில் ஃப்ளாஷ் முழுவதும் எரிந்து அணைய வேண்டும். 1/200 வினாடி என்பது 5 மில்லிவினாடி. அதில் படிக்கும் நேரம் 3.7 போக மிச்சம் 1.3. கேமரா மேல் பொருத்தும் சிறு ஃப்ளாஷுக்கு அது போதும். முழுச் சக்தியில் மெதுவாக அணையும் ஸ்டூடியோ விளக்குக்குப் போதாது. வால்பகுதி ஒளி சில வரிகளுக்குக் கிடைக்காமல் போய், ஃப்ரேமின் ஒரு விளிம்பு மங்கும். ஷட்டரை 1/160-க்கு இறக்கினால் சரியாகும். ஏ1 மார்க் 2-இல் மெக்கானிக்கல் ஷட்டர் 1/400 வரை ஃப்ளாஷோடு ஒத்திசையும் என்பதால், வெயிலில் ஃப்ளாஷ் வைத்து ஆள்படம் எடுப்பவருக்கு அது ஒரு முழு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி வித்தியாசம்) லாபம். பட்டியலைப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் வரி அது.

ஏ9 மார்க் 3 எந்த வேகத்திலும், 1/80000 வரைக்கும், ஒத்திசைகிறது. இதைக் கேட்டு ஸ்டூடியோக்காரர்கள் துள்ளிக் குதித்ததில் நியாயம் உண்டு, ஆனால் ஒளியே எரிந்து முடிய 1/1000 வினாடி எடுக்கும்போது 1/8000-இல் அதில் ஒரு துண்டுதான் சென்சாரில் விழும். ஃப்ளாஷ் எரியும் தருணமும் ஷட்டர் திறக்கும் தருணமும் துளி விலகினாலும் படம் இருண்டுவிடும். அதற்காகவே மெனுவில் ஃப்ளாஷ் நேரத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பு இருக்கிறது. வேறு நிறுவன டிரிக்கர் (ஃப்ளாஷை எரியவைக்கும் கருவி) மாட்டினால் அதைத் தொட்டே ஆக வேண்டும்.

குளோபல் ஷட்டருக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பிக்சலும் தன் மின்னூட்டத்தைத் தற்காலிகமாகச் சேமிக்க இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் கொள்ளளவு குறைகிறது. அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 250, உச்சம் 25600. இருட்டில் மற்ற மூன்றையும்விட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பின்தங்கும். பகலில் மெதுவான ஷட்டரில் பேன் செய்து (நகரும் பொருளோடு கேமராவையும் திருப்பி) எடுப்பவர், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்இடி விளம்பரப் பலகை, மேடை விளக்கு ஆகியவற்றில் விழும் பட்டைக்கோட்டுக்கு மூலமும் இதே படிக்கும் நேரம்தான். விளக்கு வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைந்து எரிய, வரிகள் வெவ்வேறு நேரத்தில் படிக்கப்பட, கோடு விழுகிறது. நான்கு கேமராவிலும் ஷட்டர் வேகத்தைத் தசம அளவில் நகர்த்தி விளக்கின் துடிப்போடு பொருத்தும் வசதி உண்டு. முதல் ஃப்ரேமிலேயே பெரிதாக்கிப் பார்த்துப் பொருத்திவிட வேண்டும்; பிறகு மென்பொருளில் சரிசெய்வது பெரும்பாடு. பொருந்தவே மறுத்தால் ஆர்1-இல் 12 ஃப்ரேம் வேக மெக்கானிக்கல் ஷட்டருக்கும், ஏ1 மார்க் 2-இல் 10 ஃப்ரேமுக்கும் இறங்கிப் பார்க்கலாம். இசட்9-இல் அந்த வழி இல்லை. ஏ9 மார்க் 3-இல் கோடு விழாது, ஆனால் ஒரு ஃப்ரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும்.

பஃபரும் கார்டும்

வினாடிக்கு 30, 40, 120 என்ற எண்கள் எல்லாம் நிபந்தனைக்கு உட்பட்டவை. ஏ1 மார்க் 2-இன் 30 ஃப்ரேம் இழப்புள்ள சுருக்க ரா-வுக்குத்தான். இழப்பற்ற சுருக்கத்தில் 20. வேறு நிறுவன லென்ஸ் மாட்டினால் 15-ஐத் தாண்டாது. இதை அறிவிப்பு நாளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 150 ஃப்ரேமை ஒட்டி, அதாவது ஐந்து வினாடி. அதன் பிறகு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ கார்டு தடையாகிறது: 50 எம்பிக்குக் குறையாத கோப்பு 30 என்றால் வினாடிக்கு ஒன்றரை ஜிபி, இந்தக் கேமராவில் டைப் ஏ-யின் ஏட்டு வேகமே ஒரு ஜிபி. இரண்டாவது இடத்தில் எஸ்டி கார்டு போட்டு இரண்டிலும் ஒன்றாகப் பதிவு செய்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் மெதுவான கார்டுதான் வேகத்தை முடிவு செய்யும். இரண்டிலும் டைப் ஏ போடுங்கள்.

ஏ9 மார்க் 3-இன் 120 ஃப்ரேமில் பஃபர் 192. ஒன்றரை வினாடியில் நிரம்பிவிடும். முழுநேரமும் 120-இல் வைக்காமல், 30-இல் எடுத்துக்கொண்டு, தேவையான நொடியில் மட்டும் முன்பக்கப் பொத்தானை அழுத்தி வேகம் கூட்டுவதுதான் நடைமுறை.

ஆர்1, இசட்9 இரண்டிலும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டுக்கு இரண்டு இடம். ஏட்டளவில் டைப் ஏ-யைப் போல் இரு மடங்கு வேகம். இசட்9-இல் இழப்பற்ற ரா 80 ஃப்ரேமை ஒட்டி நின்றுவிடும். ஹை எஃபிஷியன்சி ரா-வுக்கு மாற்றினால், கார்டு வேகமானதாக இருந்தால், ஆயிரத்தைத் தாண்டும்; தரத்தில் இழப்பு கண்டுபிடிப்பது கடினம். இசட்9 மூச்சுத் திணறுகிறது என்று புகார் சொல்பவர் பெரும்பாலும் இந்த அமைப்பை மாற்றாதவர்.

ஷட்டரை முழுக்க அழுத்தும் முன்பே பதிவாகும் ப்ரீ கேப்சரில் நிக்கான் தெளிவாகப் பின்தங்குகிறது: இசட்9 தருவது ஜேபெக் மட்டும். ஆர்1 ரா-விலேயே 20 ஃப்ரேம், அதாவது அரை வினாடி. சோனி இரண்டும் ஒரு வினாடி வரை. விரல் தாமதம் கால் வினாடிதான் என்பதால் ஆட்டத்துக்கு அரை வினாடி தாராளம். கிளையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு ஒரு வினாடி வேண்டும். பாதி அழுத்திக் காத்திருக்கும் நேரம் முழுக்க சென்சார் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பேட்டரி வேகமாகக் கரையும்.

ஃபோகஸில் நான்குமே நல்லவை, இங்கே சண்டை போட அதிகம் இல்லை. ஒன்றைச் சொல்லலாம்: கேனானின் பழைய மிரர்லெஸ் சென்சார்கள் கிடைமட்டக் கோடுகளில் தடுமாறும், ஆர்1-இல் குறுக்கு வகை உணர்வு (கிடைமட்டம், செங்குத்து இரண்டையும் பார்ப்பது) வந்ததால் கோல் வலை, கோடு போட்ட ஜெர்சி ஆகியவற்றில் பிடி இறுகியிருக்கிறது. ஸ்பெக் பட்டியலில் ஒரே வரி. களத்தில் 24 மெகாபிக்சலைவிடப் பெரிய செய்தி.

எடையில் ஏ1 மார்க் 2 பேட்டரியோடு 743 கிராம், ஆர்1 1,115, இசட்9 1,340. பேட்டரி முறையே 16, 30, 36 வாட் மணி. ஆகவே சோனிக்காரர் கையில் லாபமாகும் எடையில் ஒரு பகுதி, உதிரி பேட்டரியாகப் பைக்குப் போய்விடும்.

விளையாட்டுக்கும் செய்திக்கும் ஆர்1. தூரத்துப் பறவைக்கும், ஒரே கேமராவில் எல்லா வேலையும் பார்ப்பவருக்கும் ஏ1 மார்க் 2. ஜேபெக் ப்ரீ கேப்சர் குறையாகத் தோன்றாதவருக்கும், கனமான உடலையும் பெரிய பேட்டரியையும் விரும்புபவருக்கும் இசட்9 இன்னும் சளைத்ததல்ல, 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (குவியத் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) உள்ளேயே பொருத்திய அதன் 400, 600 மிமீ லென்ஸ்கள் வேறெந்தக் காரணத்தையும்விட வலுவானவை. ஏ9 மார்க் 3, ஃப்ளாஷும் எல்இடியும் தினசரித் தலைவலியாக இருப்பவருக்கு மட்டும்.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் இப்படிச் சோதியுங்கள். சொந்த லென்ஸ், சொந்த கார்டு, வழக்கமான ரா அமைப்பு. 1/2000-இல் ஷட்டரை அழுத்திப் பிடித்து, வேகம் குறையும் வரை வினாடிகளை எண்ணுங்கள். பிறகு கார்டு விளக்கு அணையும் வரை எண்ணுங்கள். அடுத்து இரண்டாவது கார்டையும் போட்டு, இரண்டிலும் ஒன்றாகப் பதியும்படி அமைத்துத் திரும்பச் செய்யுங்கள். கடைசியாக, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் விளக்குக்கு அடியில் 1/1000-இல் வெள்ளைச் சுவர் ஒன்றைத் தொடர்ந்து 20 ஃப்ரேம் எடுத்து, கோடு விழுகிறதா, வெளிச்சம் மாறுகிறதா என்று கணினியில் வரிசையாகத் திறந்து பாருங்கள்.