காதுக் கவசம் செய்யும் மாணவர்களுக்கு: பிளக்கா, மஃப்பா?

சத்தத்திலிருந்து காக்கும் காதுக் கவசத்தை, அதாவது காதுக்குள் செருகும் பிளக்கையோ காதை வெளியிலிருந்து மூடும் மஃப்பையோ, புராஜெக்ட்டாகச் செய்யப் போகிறோம் என்றதும் மாணவர்கள் முதலில் பொருள் தேடிப் போகிறார்கள். தெர்மாகோல், முட்டை அட்டை, பழைய மெத்தை ஸ்பாஞ்ச் என்று எது சத்தத்தை அதிகம் உறிஞ்சும் என்பதே பேச்சாக இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி, கவசத்துக்கும் தலைக்கும் நடுவே இடுக்கு இருக்கிறதா என்பது. சிறு இடுக்கு போதும், தறியின் தடதடப்பு போன்ற கனத்த ஒலி உள்ளே வந்துவிடும்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) பரிந்துரைப்படி 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம்தான்.

தறி ஓட்டுபவர்கள் சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். அது சில டெசிபெல்தான் குறைக்கும். காற்று ஊடுருவும் எதுவும் ஒலியையும் விட்டுவிடும் என்பதால், பிளக்கா மஃப்பா என்ற போட்டியில் பஞ்சுக்கு இடமில்லை.

கடையில் விற்கும் ஃபோம் இயர் பிளக் விலை மலிவு, கூடத்தின் புழுக்கத்துக்கும் ஏற்றது. எவ்வளவு சத்தம் குறைக்கும் என்று உறையில் 30 டெசிபெல்லை ஒட்டி எண் போட்டிருக்கும். ஆனால் அது சரியாகப் போட்டால் கிடைப்பது. மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பலர் பாதிதான் செருகுகிறார்கள். அதனால்தான் நியாஷ் 1998இல் இந்த வகைக்கு உறையில் உள்ள எண்ணில் பாதியைக் கழிக்கச் சொன்னது; மஃப்புக்குச் சொன்ன கழிவு கால் பங்குதான். மாணவர்கள் பிளக்கைத் தாங்களே செய்யக் கூடாது. வெட்டிய ஸ்பாஞ்ச் காதுக்குள் மாட்டிக்கொள்ளும். கடையில் வாங்கிய சிலிக்கானைக் காதுக்குள் ஊற்றுவது இன்னும் ஆபத்து.

அப்புறம் இருப்பது இயர் மஃப். மாணவர் கையால் செய்ய இதுதான் சரி. காதுக்கு வெளியே நிற்பதால் ஆபத்தில்லை, மாற்றிப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. காதை மூடும் கிண்ணத்துக்குக் கனமும் விறைப்பும் வேண்டும். எடை இரட்டித்தால் கணக்குப்படி சுமார் 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். தெர்மாகோல் தோற்பது இங்கேதான்: இலேசானது, ஒலியை உறிஞ்சவும் செய்யாது. தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் உட்புறம் களிமண் பூசி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துப் பாருங்கள்; சிரட்டையையும் முயலலாம். விளிம்பில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்தால் காற்றோடு ஒலியும் புகும். அதை மெல்லிய ரெக்சினால் மூடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை முன்னும் பின்னும் அளந்தாலே நல்ல புராஜெக்ட் ஆகிவிடும். மூக்குக் கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, அடர்ந்த முடி மூன்றும் விளிம்பைத் தூக்கிவிடும் என்பதையும் சோதியுங்கள்.

மஃப்பின் குறை வியர்வை. அது சின்ன விஷயமல்ல. வியர்க்கிறதென்று 8 மணி நேரத்தில் 48 நிமிடம் கழற்றி வைத்தாலே, எத்தனை உசத்தியான கவசமும் அந்த நாளின் கணக்கில் 10 டெசிபெல்லுக்கு மேல் காக்காது. ஆகவே தறிக்கூடத்தில் வேலை செய்பவருக்கு, போடக் கற்றுக்கொடுத்தால், பிளக்கையே சொல்வேன்.

அளப்பதிலும் இரண்டு வழி உண்டு. ஃபோனைக் கிண்ணத்துக்குள் வைத்து டெசிபெல் ஆப்பில் பார்ப்பது பலர் செய்வது. இரு வடிவங்களை ஒப்பிட உதவும். ஆனால் மேசையில் கிண்ணம் உட்காருவதுபோல் தலையில் உட்காராது. எனக்குப் பிடித்தது, ஆய்வகங்களும் பயன்படுத்தும் கேட்டல் எல்லைச் சோதனை. ஃபேனை நிறுத்திய அமைதியான அறையில் ஸ்பீக்கரில் 250, 1000, 4000 ஹெர்ட்ஸ் தொனிகளை மெதுவாகக் குறைத்து, எந்த அளவில் கேட்காமல் போகிறது என்று குறியுங்கள். கவசம் போட்டு மறுபடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கவசம் தரும் காப்பு. உரத்த சத்தமே தேவையில்லை, அதனால் சோதிப்பவர் காதுக்கும் கேடில்லை. ஃபோன் ஸ்பீக்கர் 250 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தராது. கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் வையுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றிப் போட்டு, சில பேரிடம் அளந்து, கிடைத்ததில் குறைந்த எண்ணையும் சராசரியையும் சேர்த்தே சார்ட்டில் எழுதுங்கள்.