செய்து காட்டுவதா, செய்ய விடுவதா? தொழிற்கல்விப் பயிற்றுநர்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

தொழிற்கல்லூரியில் பாடம் எடுக்க வருகிறவர்களில் பலர் தங்கள் தொழிலில் கரை கண்டவர்கள். கைப்பழக்கமாகிவிட்ட வேலையைப் பிரித்துப் பிரித்துச் சொல்வதுதான் அவர்களுக்குச் சிரமம். அதனால் எந்தக் கற்பித்தல் முறை நல்லது என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். ஒரு வாரம் கழித்து, பயிற்றுநர் பக்கத்தில் இல்லாதபோதும் மாணவர் அந்த வேலையைச் சரியாகச் செய்கிறாரா? இந்த அலசலுக்கு இதுதான் அளவுகோல். வகுப்பு முடியும் நேரத்தில் பிரமாதமாகத் தெரிகிற சில முறைகள் இதில் தேறுவதில்லை.

படிப்படியான விளக்கமும் நேரடித் திட்டப்பணியும்

தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவை, சோதித்துப் பார். கப்பல் கட்டும் தொழிலாளர்களைப் பயிற்றுவித்த சார்ல்ஸ் ஆலன் 1919-இல் எழுதிவைத்த இந்த நான்கு படிகளைத்தான் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கத் தொழிற்சாலைப் பயிற்சிகளும் எடுத்துக்கொண்டன. மருத்துவச் செய்முறைகளுக்காக 1990-களில் ரோட்னி பேட்டன் முன்வைத்த வடிவம் இன்னும் கூர்மையானது. முதலில் பயிற்றுநர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்கிறார். அடுத்து, விளக்கத்தோடு மெதுவாகச் செய்கிறார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்கிறார். கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார்.

நேரம் போதவில்லை என்று பெரும்பாலும் வெட்டப்படுவது மூன்றாவது படி. வெட்டவே கூடாததும் அதுதான். கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிளின் முனையில் ஆர்ஜே45 என்ற பிளக் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி உறையைச் சீவி, இரண்டிரண்டாக முறுக்கிய எட்டு இழைகளைப் பிரித்து நிற வரிசைப்படி அடுக்கி, முனையைச் சுமார் 13 மில்லிமீட்டருக்கு நறுக்கி, உறையின் விளிம்பும் பிளக்குக்குள் போகிறபடி தள்ளி அழுத்த வேண்டும். மாணவர் வாயால் சொல்லும்போது உறையை மறந்தால், பயிற்றுநரும் அதை விட்டுவிட்டே அழுத்த வேண்டும். பிறகு கேபிளை இழுத்துக் காட்டினால் இழைகள் பிளக்கிலிருந்து உருவி வருவதை வகுப்பே பார்க்கும். இருபது பேர் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவரோடும் இதைச் செய்ய முடியாது. நால்வர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒருவர் சொல்ல இன்னொருவர் செய்ய, இருவர் கவனிக்க என்று முறைமாற்றி விடலாம்.

எதிர்த்தரப்பில் இருப்பது திட்டப்பணி: “இந்த அறையின் ஆறு கணினிகளையும் இணைத்துக் கொடு.” முதல் வாரத்திலேயே இதைக் கொடுத்தால் மாணவர் தடுமாறுவார். புதியவருடைய செயல்நினைவின் (அந்த நேரத்தில் மனதில் வைத்துக் கையாளும் நினைவின்) பெரும்பகுதியை வழிதேடலே தின்றுவிடுகிறது, கற்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் விளக்கினார். ஆனால் கோளாறு கண்டுபிடிக்கும் திறன் திட்டப்பணியில்தான் வளர்கிறது. ஒரு மாணவர் நிற வரிசையை மறந்து, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஒவ்வொரு ஜோடியையும் அடுத்தடுத்து வைத்து, இரு முனையிலும் அப்படியே போட்டுவிடுகிறார். மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் பிளக்கின் 3, 6 ஆகிய ஊசிகளுக்கு ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடி போக வேண்டும், இங்கே அது போகவில்லை. கேபிள் நீளமானால் வேகம் விழும் அல்லது இணைப்பே கிடைக்காது. படிப்படியாக மட்டும் கற்றவருக்கு வரிசை தெரியும், அந்த வரிசை ஏன் அப்படி என்று தெரியாது.

ஆகவே எங்கள் தீர்ப்பு: புதிய வேலைக்குப் படிப்படியான விளக்கம், பத்தில் எட்டு முயற்சி சரியாக வந்ததும் திட்டப்பணி. அதற்குப் பிறகும் விளக்கிக்கொண்டே இருந்தால் விளக்கமே சுமையாகிவிடும். ஸ்வெல்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-இல் இதையும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஒரே வகைப் பயிற்சியும் கலந்த பயிற்சியும்

பயிற்றுநர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட கணித ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழுவுக்கு 20 சதவீதம், கலந்து போட்டவர்களுக்கு 63.

பட்டறையில் இதற்குச் சரியான உதாரணம், மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டர். ஒரு மணி நேரம் மின்னழுத்தம் மட்டும், அடுத்த மணி நேரம் மின்னோட்டம் மட்டும் என்று அளக்கவைத்தால் எண்கள் அழகாக வரும். ஆனால் மாணவர் குமிழைத் திருப்பவும் இல்லை, கம்பியை இடம் மாற்றவும் இல்லை. வேலையிடத்தில் நடக்கும் தவறு அங்கேதான்: மின்னோட்டம் அளந்த பிறகு சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு மின்னழுத்தம் அளக்கப் போவார், ஃபியூஸ் போகும், அழுத்தம் அதிகமென்றால் ஆபத்தும் கூட. ஒவ்வொரு அளவையும் மூன்று நான்கு முறை தனித்தனியாகப் பழக்கிவிட்டு, அடுத்த பன்னிரண்டு அளவுகளைக் கலைத்துப் போடுங்கள். 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்வழங்கியில் தொடங்குங்கள். எதை அளப்பது, எந்தத் துளையில் செருகுவது என்ற தேர்வே அப்போது பயிற்சியாகிறது.

கலந்த பயிற்சியில் தவறுகள் கூடும், மாணவர் முகம் வாடும். இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

திரும்பப் படிப்பதும் நினைவிலிருந்து எடுப்பதும்

உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42க்கு எதிராக 56. எனவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். வாய்மொழியாகக் கேட்டால் அதே இரண்டு பேர் பதில் சொல்லி மற்றவர்கள் தப்பிப்பார்கள். எல்லோரையும் துண்டுத்தாளில் எழுதவையுங்கள்.

விரிவுரைக்கு இடமே இல்லையா?

உண்டு. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், விரிவுரை வகுப்புகளில் 33.8 சதவீதம் பேரும், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம் பேரும் தோற்றார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் பாதுகாப்பு விதிகளை மாணவர் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது. பத்து நிமிடம் நேராகச் சொல்லி, உடனே ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லவைத்து, பிறகே கருவியைக் கையில் கொடுக்க வேண்டும்.

உடனடித் திருத்தமும் பொறுத்திருந்த திருத்தமும்

மாணவர் தடுமாறும்போது கருவியை வாங்கி நாமே முடித்துக் கொடுத்துவிடுவது நல்லெண்ணத்தில் நடக்கிற தவறு. ஒவ்வொரு அசைவுக்கும் திருத்தம் கிடைத்தால் மாணவர் திருத்தத்தை எதிர்பார்த்தே வேலை செய்யப் பழகுகிறார், பயிற்றுநர் இல்லாதபோது தரம் விழுகிறது. உடம்புக்கோ கருவிக்கோ ஆபத்து என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். மற்றபடி முழுதும் முடிக்க விடுங்கள். முடித்ததும் “எது சரியில்லை?” என்று முதலில் மாணவரையே கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதில் ஒன்றை, அதிகபட்சம் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.