சர்க்கரைவள்ளி: தண்ணீர் டம்ளரா, மண்தொட்டியா, கொடித்துண்டா?

சர்க்கரைவள்ளி வளர்க்க நினைக்கிற பலரும் முதலில் செய்வது, கிழங்கில் நாலு குச்சியைக் குத்திப் பாதி மூழ்கும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவைப்பது. பார்க்க அழகுதான், வேர் வருவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் கிழங்கு அறுவடை செய்யணும் என்றால் இருக்கிற மூன்று வழிகளில் இதைத்தான் கடைசியில் வைப்பேன். முளை வர மண்ணைவிடக் கூடுதல் நாள் ஆகும், தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கிழங்கு அழுகி நாறும். அதைவிட முக்கியம், கிள்ளிய முளைகளை மறுபடி தண்ணீரிலேயே வாரக்கணக்கில் விட்டு, சுருண்டு கிடக்கும் நீள வேரைக் குழிக்குள் மடக்கித் திணித்தால் கிழங்கும் கோணல்மாணலாகத்தான் வரும். டம்ளர் முறைதான் பிடிக்கும் என்றால் வேர் விரல் நீளம் போவதற்குள் நட்டுவிடுங்கள்.

மண்தொட்டி இதைவிட எவ்வளவோ மேல். ஈர மணல் அல்லது பொலபொலப்பான மண்ணில் கிழங்கைப் படுக்கவைத்து மேலே 5 செ.மீ. மண் போட்டால் போதும். மண் சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் சில வாரங்களில் நட ஏற்ற முளைகள் கிடைக்கும், வெட்ட வெட்ட அதே கிழங்கு திரும்பவும் முளைக்கும். முளையைப் பிடுங்காமல் மண்ணுக்கு மேல் 2 செ.மீ. விட்டு வெட்டுவது நல்லது, தாய்க்கிழங்கில் இருக்கும் பூஞ்சணம் புதுச் செடியோடு போவது குறையும். சிலர் முழுக் கிழங்கையே பாத்தியில் புதைத்து அப்படியே வளரவிடுகிறார்கள். வேண்டாம், பல நேரம் அந்தப் பழைய கிழங்கே பருத்து நாராகிப் போகும்.

இரண்டையும் விட நான் அடித்துச் சொல்வது கொடித்துண்டுதான். நன்றாக வளர்ந்த கொடியின் நுனியிலிருந்து 25 முதல் 30 செ.மீ. நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்று நான்கு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கணுக்களில் வேர் விடும், அந்த வேர்களில் சிலதான் கிழங்காகப் பருக்கும், அதனால் ஒரே ஒரு கணுவைப் புதைத்துவிட்டு நிறைய எதிர்பார்க்கக் கூடாது. நுனிதான் வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கொடியின் அடிப்பகுதி முற்றியிருக்கும், வேர் பிடிக்கச் சுணங்கும், கிழங்கைத் துளைத்துக் கெடுக்கும் கூன்வண்டு முட்டையிடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரே கொடியை வருடக்கணக்கில் வெட்டி நட்டால் வைரஸ் சேர்ந்துகொண்டே போகும், விளைச்சல் தேயும். இலையில் தேமலோ சுருட்டலோ தெரிந்தால் அந்தக் கொடியைத் தொடவே வேண்டாம், நோயில்லாத வேறு செடியின் நல்ல கிழங்கு ஒன்றை எடுத்து மண்தொட்டியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். முதல்முறை வளர்ப்பவருக்கும் கொடி கிடைக்காவிட்டால் இதே வழிதான், அடுத்த பருவத்துக்குச் சொந்தக் கொடி இருக்கும்.

சரி, நடுவது தரையிலா பையிலா? இடம் இருந்தால் யோசிக்காமல் தரைதான். 25 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. பை என்றால் 40 செ.மீ. ஆழமாவது வேண்டும், அதில் ஒன்றிரண்டு செடிக்கு மேல் நெருக்காதீர்கள். பை சீக்கிரம் காயும், நட்ட முதல் ஒன்றரை மாதம் காயவிடவே கூடாது, எத்தனை வேர் கிழங்காகும் என்பது பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகிறது. தழைச்சத்து உரத்தை எதிலும் அள்ளிப் போடாதீர்கள், கொடி காடாக ஓடும், கீழே ஒன்றும் இருக்காது. அப்புறம், பையில் மண் கீழே இறங்கிக் கிழங்கின் தலை வெளியே தெரிந்தாலும், பாத்தியில் வெடிப்பு விட்டாலும் கூன்வண்டுக்கு வழி கிடைத்துவிடும், அதனால் இரண்டு இடத்திலும் அவ்வப்போது மண் அணைத்துக்கொண்டே இருங்கள்.