கழகம் கைமாறும்போது முகாமையாளர்: உடனே விலக்குவதா, ஒரு பருவகாலம் பொறுப்பதா?

உதைபந்தாட்டக் கழகம் ஒன்று கைமாறினால் முகாமையாளரையும் கையோடு மாற்றிவிட வேண்டும் என்று ஒரு தரப்பும், இருக்கிறவருக்குப் புதிய பணத்தோடு ஒரு முழுப் பருவகாலமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மறு தரப்பும் வாதிடுவதை யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கு கோடையாக இருந்தால் நமக்கு இரவு ஏழரைக்கும், குளிர்காலமாக இருந்தால் எட்டரைக்கும் வருகிறது. ஆட்டம் முடிந்தாலும் வாதம் முடிவதில்லை.

நான் கேட்ட வாதங்களில் உருப்படியானது ஒரு மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே நடந்தது. மாமன் நீண்டகால மன்செஸ்டர் யுனைடெட் ஆதரவாளர். அக்காவின் மகனோ செல்சிக் கட்சி. “வீட்டை வாங்கினவன் பழைய சமையல்காரனையும் வைச்சிருக்கோணும் எண்டு சட்டமோ, மாமா?” என்று அவன் கேட்டான். “வந்த உடனை ஆளைக் கலைச்சால், பிறகு வாறவனும் பயந்து பயந்துதான் வேலை செய்வான், தம்பி” என்று அவர் சொன்னார். இருவருமே ஆளை ஆளோடு ஒப்பிட்டார்கள். எனக்கோ ஒப்பிட வேண்டியது நாட்காட்டியை என்று பட்டது. முகாமையாளர் நீடிப்பதா விலகுவதா என்ற முடிவு கோடைகால வீரர் பரிமாற்றத்துக்கு (கழகங்கள் வீரர்களை வாங்கவும் விற்கவும் விடப்படும் காலத்துக்கு) முன்னர் எடுக்கப்பட்டதா, பின்னர் எடுக்கப்பட்டதா என்பதைப் பார்த்தால், இருவரும் எடுத்துக்காட்டிய கழகங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன.

மருமகனின் முதற் சான்று நியூகாசில். 2021 ஒக்டோபர் 7 ஆம் திகதி சவூதி அரேபியப் பொது முதலீட்டு நிதியத்தின் தலைமையிலான கூட்டு அக்கழகத்தை 305 மில்லியன் பவுணுக்கு வாங்கியபோது, அணி அந்தப் பருவகாலத்தில் ஒரு ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை. ஸ்டீவ் புரூஸ் டொட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டம் வரை இருந்தார். முகாமையாளராக அது அவருக்கு ஆயிரமாவது ஆட்டம். அதில் 3-2 என்று தோற்றபின், உரிமை மாறிப் பதின்மூன்றாம் நாள் அவர் விலகினார். நவம்பர் 8 ஆம் திகதி எடி ஹோவ் நியமிக்கப்பட்டார். முதல் வெற்றி டிசெம்பர் 4 ஆம் திகதிதான், பேர்ன்லிக்கு எதிராக வந்தது. ஆனாலும் ஜனவரியில் பரிமாற்றக் காலம் தொடங்கியபோது யார் வேண்டும் என்று கேட்கப்பட்டவரே பணத்தைப் பயன்படுத்தப்போகிறவராகவும் இருந்தார். கீரன் ட்ரிப்பியர், டான் பேர்ன், புரூனோ கிமராயேஸ் ஆகியோர் வந்தார்கள். அணி 11 ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த பருவகாலத்தில் 4 ஆம் இடத்துக்கு ஏறியது. 2025 மார்ச்சில் வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று, 1955 இன் பின்னர் தன் முதல் உள்நாட்டுக் கிண்ணத்தைத் தூக்கியது.

இதை வைத்து “உடனே விலக்கு” என்று பொதுவிதி எழுதிவிட முடியாது. நியூகாசிலில் முடிவு இலகுவாக இருந்தது: அணி அடிமட்டத்தில் கிடந்தது, ஆதரவாளர்களுக்கு முகாமையாளர்மேல் பற்றில்லை, பரிமாற்றக் காலம் வர இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. விலக்குவதால் இழப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

மாமன் தன் பக்கத்துக்குக் காட்டியது, வேடிக்கையாக, மருமகனின் கழகத்தையே. 2003 ஜூலையில் ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கியபோது குளோடியோ ரனியேரியை விலக்கவில்லை. மாறாக அந்தக் கோடையில் மட்டும் நூறு மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்து மக்கலெலே, டேமியன் டஃப், ஜோ கோல் போன்றோரை அவரிடம் கொடுத்தார். ரனியேரி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றார். அந்த ஆண்டு ஒரு ஆட்டத்திலும் தோற்காத ஆர்சனல் முன்னே நின்றதால் இரண்டாம் இடம் சிறிய காரியமல்ல. அதே ஆர்சனலைச் சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் வெளியேற்றி, அரையிறுதியில் மொனாகோவிடம் விழுந்தார். மே மாத இறுதியில் அவர் விலக்கப்பட்டார். ஜூன் 2 ஆம் திகதி ஜோசே மொரின்யோ அறிமுகமானார்.

இந்த ஓராண்டு வீணா? வீணல்ல என்பது மாமனின் வாதம், அதில் உண்மை உண்டு. மொரின்யோ 2004-05 இல் 95 புள்ளிகளுடன், 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்றபோது நடுக்களத்தைக் காத்தவர் முந்திய கோடையில் வந்த மக்கலெலே. பீற்றர் செக், அர்யென் ரொபன் ஆகிய இருவரும் ரனியேரி பதவியில் இருந்த மாதங்களிலேயே பேசி முடிக்கப்பட்டவர்கள். இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். ரனியேரியை விலக்கும் முடிவு பருவகாலம் முடிந்ததும் எடுக்கப்பட்டதால், புதியவர் தன் முதலாவது கோடையை முழுதாகப் பெற்றார். அதைவிட, 2003 இல் பிரிமியர் லீக்கில் நட்டத்துக்கு எல்லை இருக்கவில்லை. தவறாக வாங்கிய வீரரை ஓரமாக இருத்திவிட்டு மறுபடி வாங்கலாம்.

மன்செஸ்டர் சிற்றி இடைப்பட்டது. 2008 செப்ரெம்பர் 1 ஆம் திகதி அபுதாபிப் பணம் வந்து, அன்றே ரொபின்யோ 32.5 மில்லியன் பவுணுக்கு வாங்கப்பட்டார். மார்க் ஹியூஸ் நீடித்தார். 2009 கோடையில் டெவெஸ், அடெபயோர் முதலியோரை வாங்க விட்டபின், அவ்வாண்டு டிசெம்பரில், சண்டர்லண்டை 4-3 என்று வென்ற அன்றைக்கே அவரை விலக்கினார்கள். பணத்துக்கு முடிவில்லாத இடத்தில் இந்த முறைகேடும் செரித்துவிட்டது.

செரிக்காத இடங்கள் இரண்டு. 2022 மே மாத இறுதியில் அமெரிக்க முதலீட்டாளர் டொட் போலியும் கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனமும் செல்சியை வாங்கினார்கள். தோமஸ் டுகெல் சம்பியன்ஸ் லீக் வென்று ஓராண்டு ஆனவர். அவரை வைத்துக்கொண்டே 250 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்தார்கள். பரிமாற்றக் காலத்தின் கடைசி நாளான செப்ரெம்பர் 1 ஆம் திகதி, டோர்ட்மண்டில் டுகெலிடம் ஆடிய ஒபமெயாங் பார்சிலோனாவிலிருந்து வந்து சேர்ந்தார். செப்ரெம்பர் 7 ஆம் திகதி டுகெல் விலக்கப்பட்டார். அவருக்காக வாங்கிய வீரர்களைப் பொறுப்பேற்கக் கிரஹாம் பொட்டர் வந்தார். ஏப்ரலில் அவரும் போனார். அணி 44 புள்ளிகளுடன் 12 ஆம் இடத்தில் முடித்தது. மருமகன் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அவனுடைய கட்சிக்காரரே அவன் சொன்னபடி விலக்கியவர்கள், ஆனால் மூன்று மாதம் பிந்தி.

யுனைடெட்டின் கதை இதிலும் மோசம். பிரித்தானியத் தொழிலதிபர் சேர் ஜிம் ரட்கிளிஃப் 2024 பெப்ரவரியில் 27.7 சதவீதப் பங்கை வாங்கி, உதைபந்தாட்டத் துறையின் பொறுப்பை ஏற்றார். எரிக் டென் ஹாக் லீக்கில் 8 ஆம் இடத்தில் முடித்தார். பிரிமியர் லீக் தொடங்கிய பின் அதுவரை அக்கழகம் அவ்வளவு கீழே இறங்கியதில்லை. மே 25 ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ண இறுதியில் சிற்றியை 2-1 என்று வென்றார். கழகம் வாரக்கணக்கில் யோசித்தது, வேறு ஆளிடமும் பேசியது. டுகெலுடன் பேசியதைத் தன்னிடம் சொன்னார்கள் என்று டென் ஹாக்கே பின்னர் வெளியே சொன்னார். ஜூலை 4 ஆம் திகதி அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டப்பட்டது. அயாக்ஸில் அவரிடம் ஆடிய டி லிக்ட், மஸ்ராவி உட்பட, ஏறத்தாழ 200 மில்லியன் பவுண் பெறுமதியான வீரர்கள் வந்தார்கள். ஒக்டோபர் 28 ஆம் திகதி, 14 ஆம் இடத்தில் நின்றபோது, அவரை விலக்கினார்கள். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுத்த நட்டஈடு 10.4 மில்லியன் பவுண். சிக்கனம் என்று சொல்லி ஏறத்தாழ 250 பணியாளர்களைக் குறைப்பதாக அதே கழகம் அதே ஜூலையில்தான் அறிவித்திருந்தது. அணியை மூன்று பின்காவலருடன் ஆடவைக்கும் முறையோடு வந்த ரூபன் அமோரிம், நால்வர் பின்வரிசைக்காகச் சேர்த்த அணியைப் பருவகால நடுவில் பொறுப்பேற்று 15 ஆம் இடத்தில் முடித்தார். மூன்றாண்டில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் கழகம் நட்டமடையக் கூடாது என்ற எல்லை இருந்த அந்தக் காலத்தில், ஒரு கோடையைத் தவறவிட்டால் அதைப் பணத்தால் மீட்க முடியாதிருந்தது. அப்ரமோவிச்சுக்கு முடிந்தது ரட்கிளிஃபுக்கு முடியாமற் போனதன் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

நம்மூரில் இதன் சிறு வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஒரு கழகத்துக்குச் சீருடையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்து, சுற்றுப்போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில் தனக்குத் தெரிந்த பயிற்றுநரைக் கொண்டுவந்தார். புதியவர் கெட்டிக்காரர்தான். ஆனால் மூன்று மாதமாக ஒரு முறையில் ஓடிப் பழகிய பொடியன்கள் முதற்சுற்றிலேயே வீடு திரும்பினார்கள்.

ஆகவே இருவரில் யார் சரி என்று கேட்டால், நான் மருமகன் பக்கம் சற்றுச் சாய்வேன். ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக அல்ல. மே மாதத்தில் மனத்தில் சந்தேகம் இருக்கும் உரிமையாளர் மே மாதத்திலேயே விலக்குவது நல்லது. ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டியவர், மாமன் சொல்வதுபோல, அடுத்த மே வரை வாயை மூடிக்கொண்டு பொறுக்க வேண்டும்.

இதற்கு மாமன் எழுப்பிய மறுப்பு, கிண்ணம் வென்றவனை எந்த முகத்தோடு அனுப்புவது என்பதாகும். 2016 மே 21 ஆம் திகதி லூயி வான் ஹாலும் அதே கிண்ணத்தை அதே கழகத்துக்காக வென்றார். இரண்டு நாள் கழித்து அவர் விலக்கப்பட்டார். மொரின்யோ முழுக் கோடையோடும் தொடங்கி, அடுத்த ஆண்டு லீக் கிண்ணத்தையும் யூரோப்பா லீக்கையும் கொண்டுவந்தார். “அது கிளேசர்மாரின்ரை காலம்” என்று, கழகத்தின் பெரும்பங்கை வைத்திருந்த அமெரிக்கக் குடும்பத்தைச் சொல்லி, மாமன் முணுமுணுத்தார். அவர்களைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததை மருமகன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டானாம்.