சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ரெஃப்ரெஷர் டிரைவிங் கிளாஸ்: எடுக்கலாமா?

வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ பல வருடம் கார் ஓட்டிவிட்டுச் சென்னைக்குக் குடிவந்தவர்கள் முதல் மாதத்திலேயே சாவியை ஆணியில் மாட்டிவிடுவது இப்போது சகஜம். இடதுபக்கம் நுழையும் பைக், ஓயாத ஹாரன், ராங் சைடில் எதிரே வரும் ஆட்டோ என்று அவர்கள் சொல்லும் புகார் அத்தனையும் உண்மைதான். இவர்களை நம்பியே ஏரியாவுக்கு ஏரியா டிரைவிங் ஸ்கூல்கள் ‘ரெஃப்ரெஷர் கிளாஸ்’ நடத்துகின்றன. பெரும்பாலும் பத்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், ஸ்கூலின் ஆல்டோவிலோ வேகன்-ஆரிலோ. எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் அவர்கள் தருகிற மாதிரியே எடுத்தால் பாதிப் பணம் வீண். புதிதாக வந்தவருக்குக் கிளட்ச்சும் கியரும் தெரியும். தெரியாதது இந்த ஊரில் ஒரு ஹாரனுக்கும் ஒரு டிப்புக்கும் (ஹெட்லைட்டை மின்னுவதற்கும்) என்ன அர்த்தம் என்பதுதான். கிளாஸ் அதைச் சொல்லித்தருகிறதா என்று பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

முதலில் அரை மணிக் கணக்கு. பல இடங்களில் ஒரே காரில் இரண்டு பேரை ஏற்றிக்கொள்வார்கள். ஒருவர் ஓட்ட, அடுத்தவர் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார். போகிற வழியெல்லாம் அடுத்த மாணவரை ஏற்றப் போகிற வழியாகவே இருக்கும். தெருவை விட்டு மெயின் ரோட்டுக்கு வரவே பத்து நிமிடம் போய்விடும். மீதி இருபது நிமிடத்தில் இரண்டு சிக்னல், ஒரு யூ டர்ன், அவ்வளவுதான். அதனால் பத்து அரை மணி வகுப்புகளை ஐந்து ஒரு மணி வகுப்புகளாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மணி நேரம் இருந்தால்தான் ஒரே யூ டர்னை நான்கு முறை எடுத்துப் பார்க்க முடியும்.

அடுத்தது நேரம். ஸ்கூல்காரர்களுக்குப் பிடித்த நேரம் காலை ஆறு முதல் ஏழு. கார் சும்மா நிற்கும் நேரம் அது, ரோடும் காலி. காலை ஆறு மணி வேளச்சேரியும் மாலை ஆறரை மணி வேளச்சேரியும் வேறு வேறு ஊர். முதல் வகுப்பு மட்டும் அதிகாலையில் இருக்கட்டும், வண்டி கைக்கு வருவதற்காக. மற்றவற்றில் ஒன்று பள்ளி விடும் நேரத்தில், இரண்டு ஆபீஸ் நெரிசலில், ஒன்று இருட்டிய பிறகு என்று பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் காரின் பெரிய பலம் டபுள் கண்ட்ரோல். டிரெயினர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அதன் பலவீனமும் அதுவேதான். இரண்டு பக்கப் பெடல்களும் கம்பியாலோ கேபிளாலோ இணைக்கப்பட்டவை. அவர் மிதித்தால் உங்கள் பக்கப் பெடலும் கீழே இறங்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது உங்கள் பிரேக் பெடல் நீங்கள் மிதிக்காமல் தானாகவே உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். போனால், அந்த இடத்தில் காரை நிறுத்தியது நீங்கள் அல்ல, அவர். பத்து நாளும் இப்படியே போய், பதினோராம் நாள் சொந்தக் காரை எடுக்கும்போதுதான் நிறுத்தும் தூரம் கைவரவில்லை என்பது தெரிகிறது. “ஆபத்து வந்தால் மட்டும் மிதிங்க, மிதிச்சா வாய்விட்டுச் சொல்லிடுங்க” என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம். நல்ல டிரெயினர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அமெரிக்காவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தவர்களுக்கு ஸ்டியரிங் பக்கம் மாறும். அதில் முதலில் படுத்துவது சின்ன விஷயம்: மாருதி, ஹூண்டாய், டாடா கார்களில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்கின் வலதுபக்கம். பழக்கத்தில் இடது கை போய் வைப்பரைத் தட்டும். திருப்பத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும், இண்டிகேட்டர் விழுந்திருக்காது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றில் தண்டு இடதுபக்கம்தான். இதைவிடப் பெரிய சிக்கல் இடதுபக்கக் கணிப்பு. வலதுபக்கம் உட்கார்ந்ததும் காரின் இடது முனை எங்கே முடிகிறது என்று தெரியாமல் ரோட்டின் இடது ஓரத்தையே உரசிக்கொண்டு போவார்கள். காலியான தெருவில் பிளாட்பாரத்திலிருந்து ஓரடி தள்ளி இடது டயர் நிற்கும்படி நிறுத்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி நிறுத்திப் பழக வேண்டும். பத்து முறை செய்தால் கண் பிடித்துக்கொள்ளும். டிரெயினர் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் அவர் விஷயம் தெரிந்தவர்.

இனி அசல் பாடம். சென்னை ரோட்டில் ஹாரன் திட்டு அல்ல. ஒரு குட்டி ஹாரன் என்றால் ‘பக்கத்தில் வருகிறேன்’. விடாமல் அடித்தால் ‘நான் நிற்கப் போவதில்லை’. புதிதாக வந்தவர் ஹாரனைக் கேட்டதும் பதறி ஒரு பக்கம் ஒதுங்குவார், அங்கேதான் விபத்து. வலதுபக்கம் ஹாரன் கேட்டு இடது ஒடித்தால், சத்தமில்லாமல் இடதுபக்கம் ஏறிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர் மேல் போய் உரசுவோம். ஹாரன் கேட்டால் ஸ்டியரிங்கை அசைக்கக் கூடாது, கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் நீங்கள் நேராகப் போவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நுழைகிறார்கள். அந்தக் கணக்கைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

டிப் அடிப்பது இன்னும் ஆபத்தான வித்தியாசம். பல நாடுகளில் எதிரே வருகிறவர் லைட்டை ஒருமுறை மின்னினால் ‘நீங்கள் போங்கள்’ என்று விட்டுக்கொடுப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே அதே மின்னல் ‘நான் வருகிறேன், நீ நில்’. இதை முதல் வகுப்பிலேயே சொல்லாத டிரெயினரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டாம்.

இண்டிகேட்டரையும் அப்படியே நம்ப முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘நான் வலது திரும்புகிறேன்’ என்றும் இருக்கலாம், ‘வலதுபக்கம் ஏறிப் போ’ என்று சைடு கொடுப்பதாகவும் இருக்கலாம். மீடியனில், அதாவது ரோட்டின் நடுத் தடுப்பில், திறப்பு இருக்கிறதா, லாரி வேகம் குறைக்கிறதா, முன் சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஜங்ஷனில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. சில டிரெயினர்களே அதைச் சொல்லித்தருகிறார்கள். அது தவறு. பக்கத்தில் வருகிறவருக்கு உங்கள் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். இடதுபக்கக் கண்ணாடியை மடித்து வைக்கச் சொல்வது, மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் போடச் சொல்வது இரண்டும் இதே வகை. இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் ஆளை மாற்றிக் கேளுங்கள்.

ஷேர் ஆட்டோவைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், சட்டென்று நிற்கிறது என்று. அது சட்டென்று நிற்பதே இல்லை. நூறடி முன்னால் ஓரத்தில் பையோடு ஒருவர் கை நீட்டி நின்றிருப்பார். ஆட்டோவைப் பார்க்காமல் அவரைப் பார்த்தால் பிரேக் எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எம்.டி.சி. என்கிற மாநகர பஸ்ஸுக்கும் இதே பார்வை வேண்டும். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் இடதுபக்கம் புகவே கூடாது, ஆள் இறங்குவார்கள். கிளம்பும் பஸ் வலதுபக்கம் வெளியே வரும்போது அது உங்களுக்காக நிற்காது.

சிக்னலில் இடது ஓரம் நிற்காதீர்கள், நேராகப் போவதாக இருந்தால். பல சிக்னல்களில் ஃப்ரீ லெஃப்ட் போர்டு உண்டு, சிவப்பிலும் இடது திரும்பலாம் என்று. வழியை அடைத்தால் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள், அந்த ஹாரன் நியாயமானதும்கூட. முன்னால் நிற்கும் காரின் பின் டயர் ரோட்டைத் தொடும் இடம் தெரிகிற அளவு இடைவெளி விட்டால் போதும். அதற்குள்ளும் இரண்டு பைக் வந்து நிற்கும், விட்டுவிடுங்கள், பச்சை விழுந்ததும் முதலில் போவது அவைதான். எண் இறங்கும் டைமர் சிக்னலில் கடைசி மூன்று நொடியிலேயே எல்லோரும் நகர்வார்கள். குறுக்கே கடைசி வண்டி அப்போது இன்னும் வந்துகொண்டிருக்கும். வலதுபக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

கிளாஸின் தரத்தை அளக்கச் சரியான இடம் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) யூ டர்ன். நேராக வலது திரும்ப முடியாத ஜங்ஷன்கள் அங்கே நிறைய. இடது போய், மீடியன் திறப்பில் திரும்பி வர வேண்டும். பார்க்க எளிது. ஆனால் ஸ்விஃப்ட் மாதிரிச் சின்னக் காருக்கே திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், அதாவது முழு வட்டம் 9.6 மீட்டர். மீடியனை ஒட்டி நின்று ஒடித்தாலும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு லேன் அகலம் வேண்டும். திரும்பி முடிக்கக் குறைந்தது ஐந்து நொடி ஆகும். 2023 நவம்பரில் சென்னையில் கார்களுக்கு விதித்த வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எதிர்க் கார் ஐந்து நொடியில் 83 மீட்டர் வந்துவிடும். ஆக, உங்களுக்கு வேண்டிய இடைவெளி நூறு மீட்டர், அதுவும் இரண்டு லேனிலும்.

இப்போது பைக்குகள். நீங்கள் காத்திருக்கும்போதே உங்களுக்கு இடதுபக்கம் மூன்று பைக் வந்து நிற்கும். எதிர் வண்டிகள் வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். அவர்கள் ஹெல்மெட் உங்கள் பார்வையை மறைக்கும். பைக் கிளம்பியதும் கூடவே கிளம்புவது எல்லோரும் செய்யும் தப்பு. பைக்குக்கு ஒரு லேன் போதும், உங்களுக்குப் போதாது. வலது டயரை மீடியனுக்கு அருகே வைத்து, காரின் மூக்கை மீடியன் முனைக்கு வெளியே நீட்டாமல் நின்று, பைக்குகள் போன பிறகு இடதுபக்கம் மறுபடி பார்த்து, முழுதாக ஒடித்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் வேக லேனில் குறுக்கே நிற்கும் காராகிவிடுவோம். “ஒண்ணும் ஆகாது சார், மூக்கை விடுங்க, நிறுத்துவாங்க” என்று டிரெயினர் சொன்னால், அவர் உங்களுக்குத் தைரியம்தான் தருகிறார், கணக்கைத் தரவில்லை.

கத்திப்பாராவை ஒரு வகுப்பில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். க்ளோவர் இலை வடிவ மேம்பாலம், வலதுபக்கம் போக இடதுபக்க வளையத்தில் இறங்க வேண்டும். போர்டைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. தவறவிட்டால் நேரே போய் அடுத்த திருப்பத்தில் திரும்பி வாருங்கள், ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. மழைக்காலத்துக்கு ஒரு வரி: துரைசாமி சப்வே, மேட்லி சப்வே, கணேசபுரம் சப்வே மூன்றும் தண்ணீர் நிற்கும் இடங்கள். பாதி டயர் மூழ்கும் ஆழத்தில் இறங்க வேண்டாம். இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வீட்டுக்கே வந்து உங்கள் காரில் சொல்லித்தரும் டிரெயினர்களும் கிடைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு இதுவே சரி, ஸ்கூலின் மேனுவல் காரில் கிளட்ச் மிதித்துப் பழகுவதில் பயனில்லை. குறிப்பாக ஏ.எம்.டி. கார்கள் (மேனுவல் கியரையே தானாக மாற்றிக்கொள்பவை) மேம்பால ஏற்றத்தில் பின்னால் நழுவும். ஏற்றத்தில் நழுவாமல் சில நொடி பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இல்லாத மாடல் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்துப் பழக வேண்டும், அதைச் சொந்தக் காரில்தான் செய்ய முடியும். ஆனால் டிரெயினருக்குத் தனி பிரேக் இருக்காது. லீவர் ஹேண்ட் பிரேக் என்றால் அவர் கைக்கு எட்டும், அவசரத்துக்கு இழுப்பார். பட்டன் பிரேக் உள்ள காரில் அந்த வசதி குறைவு. அதனால் முதல் இரண்டு மணி ஸ்கூல் காரிலும் மீதியைச் சொந்தக் காரிலும் எடுப்பதே நாங்கள் சொல்லும் கலவை.

சேரும் முன் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தபோது இந்திய லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால், ஓராண்டுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு தாண்டிவிட்டால் 2019 சட்டத் திருத்தப்படி மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அந்த நாட்டில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் கையில் வைத்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் இடித்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. இதைப் பார்க்காமலேயே சாவியைத் தரும் ஸ்கூலில் சேராதீர்கள்.

பணம் கட்டும் முன் டிரெயினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காரை ஓரம் நிறுத்தி இறங்கும்போது கதவை எந்தக் கையால திறக்கணும்?” இடது கையால் என்று சொல்ல வேண்டும். வலதுபக்கக் கதவை இடது கையால் திறக்கப் போனால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.