கப்பல் திரும்பும், தண்ணீர் திரும்பாது

கால்வாயில் கதவு போட்ட தொட்டிக்குள் நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை உயர்த்தித் தாழ்த்துவார்களே, அந்த நீர்ப்பூட்டுகள் வழியாகக் கப்பல்களை ஏற்றி இறக்கும் கைப்பேசிப் புதிர் விளையாட்டு ஒன்றின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறதாம். "நீதான் நெடுநாளாக விளையாடுகிறாயே, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். இரண்டரை ஆண்டுகளாக விளையாடுகிறேன். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை.

எத்தனை கட்டங்கள், என்ன படங்கள் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். என் வழக்கு ஒரே ஒரு பொத்தானோடுதான். திரையின் கீழ்மூலையில் பின்னோக்கி வளைந்த அம்புக்குறி. தவறான மதகைத் திறந்துவிட்டால் அதைத் தொடுகிறோம். கப்பல் சமர்த்தாகப் பழைய இடத்துக்குப் போய் நிற்கிறது, கதவும் மூடிக்கொள்கிறது. தொட்டியிலிருந்து ஓடிய தண்ணீர் மட்டும் ஓடியதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் மேல் ஏரியில் இருப்பது அளந்து வைத்த நீர். இரண்டு முறை கை தவறினால் போதும், அந்தக் கட்டத்தை முடிக்கவே முடியாது. அதையாவது சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? சொல்லாது. ஏழு கப்பல்களைக் கரைசேர்த்துவிட்டு, எட்டாவது நடுத்தொட்டியில் தரைதட்டிய பிறகுதான் நமக்கே விளங்கும்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், பொத்தான் செய்வது நியாயம்தான். பனாமா கால்வாயின் பூட்டுகளில் பம்பு கிடையாது. கடல்மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டூன் ஏரியின் நீர் தானாக இறங்கித்தான் கப்பல்களைத் தூக்குகிறது. பழைய பூட்டுகள் வழியாக ஒரு கப்பல் கடந்து முடிப்பதற்குள் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலந்துவிடும். 2023 இல் மழை பொய்த்தபோது ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்கள்தான் என்று குறைத்துவிட்டார்கள். அங்கே அம்புக்குறிப் பொத்தான் ஏது?

நீரோட்டத்தையும் அப்படியே உண்மையாகச் செய்திருக்கிறார்கள். மட்ட வேறுபாடு குறையக் குறைய நீர் பாயும் வேகமும் தளரும். ஒரு தொட்டி நிரம்பப் பிடிக்கும் நேரத்தின் முதல் பாதியிலேயே முக்கால் பங்கு ஏறிவிடும். மிச்சமிருக்கும் கால் பங்குக்கு இன்னொரு பாதி நேரம். இரட்டைக் கதவுகளோ நீர் உயர்ந்திருக்கும் பக்கத்தை நோக்கி முனை நீட்டிச் சேர்ந்து நிற்பவை. நீர் அழுத்த அழுத்த இறுகும். இரு பக்கமும் மட்டம் சமமாகும்வரை அசையாது. அந்தக் கடைசி நான்கு விரற்கடை நீர் ஏறுவதை, மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை இரவுகள் பார்த்திருக்கிறேன்! வேறு எந்த விளையாட்டும் என்னை இப்படிச் சும்மா உட்கார வைத்ததில்லை.

ஆனால் கட்டைவிரல் சும்மா இருக்குமா? திறக்காத கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கதவுக்கு ஒரு நெல்மணி இடம்கூட விடாமல் அடுத்த தொட்டியின் மதகை வைத்திருக்கிறார்கள். தட்டு சற்றே சறுக்கினால் போதும், ஏறிய நீரெல்லாம் கீழே. அம்புக்குறியைத் தொட்டால் கப்பல் வருகிறது, தண்ணீர் வரவில்லை. என் மூளை செய்த பிழைக்குத் தண்டனை கொடுங்கள், ஏற்கிறேன். விரலின் அகலத்துக்கு எதற்குத் தண்டனை? இதை இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கடைசிப் புதுப்பிப்பில் மாலுமிகளுக்குப் புதுத் தொப்பி வந்தது, மதகு நகரவில்லை.

பக்கத்தொட்டிகள் வரும் கட்டங்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2016 இல் திறந்த பனாமாவின் புதிய பூட்டுகளில் இருப்பவை போன்றவை அவை. வெளியேற வேண்டிய நீரைப் பக்கவாட்டில் ஒதுக்கிவைத்து அடுத்த கப்பலுக்குத் திருப்பி எடுக்கலாம். அங்கே ஒரு நடைக்கான நீரில் 60 சதவீதத்தை இப்படி மீட்கிறார்கள். விளையாட்டில் எந்தத் தொட்டியை முதலில் நிரப்புவது, எதை முதலில் காலி செய்வது என்ற வரிசை ஒருநாள் சட்டென்று பிடிபட்டபோது, தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

நண்பனுக்கு என்ன பதில் அனுப்பினேன் என்றால், வாங்காதே. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நேற்றிரவு எட்டாவது கப்பல் தரைதட்டாமல் இருந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இப்போது மூன்றாவது தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது.